டயரில் காற்று எவ்வளவு? வண்டி காட்டும் அறிகுறியை வைத்துச் சரிபார்ப்பது எப்படி

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தியதும் அந்தத் தம்பி "எவ்வளவு சார்?" என்று கேட்பார். நாம் "நீயே பார்த்து வைப்பா" என்போம். அவர் 35 வைப்பார், அடுத்த வாரம் இன்னொரு பங்கில் 30 வைப்பார்கள், ஹைவே போகிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் 40 கூட ஏறும். நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். இரண்டு ஜோடி டயரை வீணாக்கிய பிறகுதான் காற்றை அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கினேன். வண்டியில் என்ன தொந்தரவு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் கீழே வரும் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது.

முதலில் உங்கள் வண்டியின் எண்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பூட்டுகிற தூணைப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பார்கள், அங்கேயும் இல்லை என்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்று, முழு பாரம் என்றால் ஒன்று என்று போட்டிருக்கும். 230 கிலோபாஸ்கல் என்றோ 2.3 பார் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டுமே ஏறக்குறைய 33 பிஎஸ்ஐதான் (பங்கில் சொல்கிற 30, 35 எல்லாம் இந்த அலகில்தான்).

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் 44, 51 மாதிரியான எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு இல்லை. ஒரே டயர் பத்து விதமான காருக்குப் போகும், எந்தக் காருக்கு எவ்வளவு என்று டயர் கம்பெனி எப்படிப் பக்கத்தில் அச்சடிக்க முடியும்?

இன்னொன்று. ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. குளிர்ந்த டயர் என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். விடிகாலையில் வீட்டு வாசலில் பார்ப்பதுதான் சரியான அளவு. அதற்குத்தான் சொந்தக் கேஜ். சில நூறு ரூபாய்தான், பங்கு இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். என் வீட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பங்கில் இயந்திரம் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், அதனால் அங்கே 35 கேட்டு 33 வாங்கிக்கொள்வேன்.

மத்தியானம் பார்த்தால் காற்று அதிகமாகக் காட்டுகிறது, இறக்கலாமா?

இறக்கக் கூடாது. நம் ஊரில் இதுதான் ரொம்பப் பேர் செய்கிற தப்பு, நானும் செய்தேன்.

ஒரு மே மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது நடுவழியில் டீ குடிக்க நிறுத்தினேன். கேஜ் புதுசு, ஆசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் நான்கு டயரிலும் 38. விடிகாலை 33 வைத்துவிட்டுத்தானே கிளம்பினோம், வெயிலில் காற்று விரிந்துவிட்டது, இப்படியே போனால் வெடித்துவிடும் என்று வால்வை அமுக்கி அமுக்கி நான்கையும் 33க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் திருச்சியில் பார்த்தால் 28.

கணக்கு இதுதான். மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், பத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை பிஎஸ்ஐ. தார்ச்சாலையில் மணிக்கு 90, 100 என்று ஓடும் டயர் காலை நேர வெப்பத்தைவிட முப்பது டிகிரிக்கு மேல் சூடாவது சாதாரணம், அதனால் நான்கு முதல் ஆறு பிஎஸ்ஐ ஏறுவதும் சாதாரணம். ஸ்டிக்கரில் 33 என்று எழுதியவர்களுக்கு இது தெரியும், 38 ஆகும் என்று தெரிந்தேதான் 33 போட்டிருக்கிறார்கள். சூட்டில் இறக்கிவிட்டால் ஆறியதும் டயர் காலியாகக் கிடக்கும்.

"வெயில் காலத்தில் இரண்டு பிஎஸ்ஐ கம்மியா வைங்க, இல்லன்னா வெடிச்சிடும்" என்று ஊரில் சொல்வது நேர் தலைகீழ். நல்ல நிலையில் இருக்கிற டயர் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியதால் வெடிக்காது. காற்று குறைந்த டயர்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் நசுங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் எப்படிச் சுடுமோ அப்படி உள்ளுக்குள் சூடேறி, ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இரும்பு வலைக்கும் நடுவே பிடிப்பு விட்டு, கடைசியில் பட்டன் பகுதி (சாலையைத் தொடுகிற, வரி வரியாகப் பள்ளம் போட்ட மேல்பரப்பு) உரிந்துகொண்டு போகும். வேகம், பாரம், கோடை வெயில் மூன்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் இப்படி உரிந்து வண்டிகள் கவிழ்ந்து, லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். டயர் தயாரிப்பா, வண்டி வடிவமைப்பா என்று இரண்டு கம்பெனிகளும் சண்டை போட்டுக்கொண்டன, அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப அடிபட்ட ஒரு விஷயம் அந்த வண்டிக்கு 26 பிஎஸ்ஐ போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது.

ஆக, வழியில் சூட்டில் பார்த்து 38 என்றால் விட்டுவிடுங்கள். சூட்டிலேயே 33 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும், குளிர்ந்தால் அது 28. அந்த நிலைமையில் சூட்டிலேயே 37, 38க்கு ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் ஒழுங்காகப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிடக் குறைவாக இருந்தால் அது வேறு கதை, கீழே வருகிறது.

பட்டன் கோணலாகத் தேய்கிறது

டயரைப் படிக்கத் தெரிந்தால் கேஜே வேண்டாம் என்பார்கள், அது கொஞ்சம் மிகை. ஆனாலும் டயர் நிறையச் சொல்லும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு முன் டயரில் உள்ளங்கையைக் குறுக்காக வைத்துத் தடவுங்கள்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சம் இருந்தால் பல மாதமாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் மொட்டையாகி ஓரங்கள் புதுசு மாதிரி இருந்தால் அதிகம். ஒரே ஓரம் மட்டும் என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கிற கோணம்) பார்க்க வேண்டும். ஒரு திசையில் தடவினால் வழவழவென்று, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி கையைப் பிடித்தாலும் அலைன்மென்ட்தான். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) சந்தேகப்படுங்கள். பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு தெரிந்தால் காற்றை ஏற்றியும் பிரயோஜனமில்லை, இறக்கியும் பிரயோஜனமில்லை. பள்ளத்தில் விழுந்து உள்நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரோடு ஹைவேக்குப் போகக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

பட்டனில் உள்ள பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு மாதிரி ரப்பர் குறி இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்கு முன்பு அந்த அளவுக்கு வரும்வரை காத்திருக்கவே கூடாது.

மைலேஜ் விழுந்துவிட்டது

இதற்கு எல்லோரும் உடனே "காத்து பாருங்க" என்பார்கள். பாருங்கள், ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்கு, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 27 வைத்து ஓட்டினால் 1.2 சதவீதம். லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 17.8 கொடுக்கும். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் எட்டு லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 ரூபாய். வேண்டாம் என்று விடுகிற காசு இல்லைதான், ஆனால் 18 கொடுத்த வண்டி 15க்கு வந்துவிட்டது என்றால் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, ஏசி, நகர நெரிசல், எதுவாகவும் இருக்கலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்து ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காற்று குறைவால் உண்மையில் பெரிய நஷ்டம் டயரில்தான். மூன்று நான்கு வருஷம் வர வேண்டிய ஜோடி இரண்டு வருஷத்தில் ஓரம் மொட்டையாகி நிற்கும், அந்தக் காசுக்கு முன்னால் இந்த 800 ரூபாய் ஒன்றுமே இல்லை.

அப்புறம், மைலேஜுக்காக 40, 42 என்று ஏற்றி ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. டயர் லேசாக உருளும் என்பது உண்மை. ஆனால் சாலையைத் தொடுகிற பரப்பு சுருங்கும், ஈரத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும், நடுவில் தேயும், பள்ளத்தில் விழுந்தால் டயரும் ரிம்மும் அடிவாங்கும். ஸ்டிக்கர் எண்ணைவிட ஒன்றிரண்டு கூட வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ எப்படியும் தானாகவே இறங்கும், அதற்கு ஈடாக இருக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடுகிறது, பின் சீட்டில் திட்டு விழுகிறது

குளிர்ந்த டயரில் பாருங்கள், 38க்கு மேல் இருக்கும். ஸ்டிக்கர் அளவுக்கு இறக்குங்கள். இறக்கியும் அப்படியே இருந்தால் சஸ்பென்ஷன். அவ்வளவுதான்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் கையை விட்டால் வண்டி லேசாக இடப்பக்கம் போவது கோளாறே இல்லை. சமதளத்திலும் இழுத்தால், அல்லது வலப்பக்கம் இழுத்தால் முதலில் முன் டயர் இரண்டையும் அளந்து பாருங்கள். காற்று குறைந்த பக்கத்துக்குத்தான் வண்டி போகும், நான்கைந்து பிஎஸ்ஐ வித்தியாசமே போதும். இரண்டும் சமமாக இருந்தும் இழுத்தால் முன் சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள் (சுழலும் திசை காட்டும் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இது வேண்டாம்). இழுவை எதிர்ப்பக்கம் மாறினால் டயரில் கோளாறு, மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது பிரேக். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக அலைன்மென்ட் கடைக்குப் போனால் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், இழுவை கூடவே வீட்டுக்கு வரும்.

80, 90இல் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் பேலன்சிங். காற்றில் தேடாதீர்கள்.

ஒரே ஒரு டயரில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

நான்கும் சேர்ந்து மாதம் ஒன்றிரண்டு இறங்கினால் இயற்கை. ஒன்று மட்டும் வாரத்துக்கு நான்கைந்து என்றால் எங்கோ ஓட்டை. மூன்று இடத்தில் தேட வேண்டும், இதே வரிசையில்.

முதலில் வால்வு. பஞ்சர் கடைக்காரர் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? குமிழ் மெல்ல உப்பி வெடித்தால் உள்ளே இருக்கும் பின் கசிகிறது. சில ரூபாய் வேலை. ரப்பர் வால்வின் அடியை லேசாகச் சாய்த்தும் பாருங்கள், வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும், டயர் மாற்றும்போது வால்வை மாற்றாமல் விட்டால் வருவது இது.

அடுத்தது ஆணி. கொஞ்சம் ஷாம்பூ கரைத்த தண்ணீரை டயர் மேல் ஊற்றிக்கொண்டே வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தி மறுபடி ஊற்றுங்கள். ஆணி தெரிந்தால் வீட்டிலேயே பிடுங்கிவிடாதீர்கள், ட்யூப்லெஸ் டயரில் அந்த ஆணிதான் அடைப்பு. காற்றை ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போகலாம். வெளியிலிருந்து செருகும் ரப்பர் திரி அவசரத்துக்கு நல்லது, நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். கழற்றும்போது உள்ளே கறுப்பாகப் பொடி உதிர்ந்து கிடந்தால் டயர் காற்றில்லாமல் ஓடிப் பக்கவாட்டு உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை. பக்கவாட்டில் ஓட்டை என்றாலும் அதே தீர்ப்பு.

மூன்றாவது ரிம். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் சோப்புத் தண்ணீர் வரிசையாகப் பொரிப் பொரியாக நுரைத்தால் அலாய் அரித்திருக்கிறது அல்லது பள்ளத்தில் வளைந்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பாதி சமயம் சரியாகிவிடும்.

நைட்ரஜன் போட்டால் இறங்காது என்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் குறைவு, கொஞ்சம் மெதுவாக இறங்கும், இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் எதுவும் ஆகாது, அதற்குப் பயந்து குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

மழையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடுகிறது

டயர் தண்ணீரை ஒதுக்க முடியாமல் அதன்மேல் மிதக்கிறது. நாசா 1960களில் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தது, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் மிதக்கும் வேகம் வரும். அந்தக் கணக்குப்படி 33 பிஎஸ்ஐக்கு மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர், 25க்கு 83தான். கார் டயருக்கு இது அச்சு அசலாகப் பொருந்தாது, பட்டன் ஆழமும் தண்ணீர் ஆழமும் சேர்ந்து மாற்றும், ஆனால் காற்று குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது தெளிவு. மிதக்கிறது என்று தெரிந்தால் பிரேக் அடிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள்.

டயர் விளக்கு எரிகிறது

டிபிஎம்எஸ் (டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றால் காற்று குறைவு. ஒரு நிமிஷத்துக்கு மேல் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் சென்சார் கோளாறு. விளக்கு எரியாததால் காற்று சரியாக இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் இறங்கிய பிறகு எரிந்தால் போதும், அதாவது 33க்கு 25 வரும்வரை அது சும்மா இருக்கலாம். சில வண்டிகளில் சென்சாரே கிடையாது, சக்கரம் சுற்றும் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும், நான்கும் ஒரே அளவு இறங்கினால் அது ஏமாந்துவிடும். அந்த வகையில் காற்று அடித்த பிறகு ரீசெட் பட்டனையும் அழுத்த வேண்டும். சென்சார் உள்ள வண்டியைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் "அண்ணே, வால்வுகிட்ட சென்சார் இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கம்பி பட்டால் உடைந்துவிடும்.

மூட்டை முடிச்சோடு நீண்ட பயணம்

பொங்கலுக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், அரிசி மூட்டை வேறு. பின்பக்கம் தாழ்ந்து, வளைவில் வண்டி ஆடுகிறது. ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கென்று தனி எண் இருக்கிறதல்லவா, அதை வைக்க வேண்டிய நாள் இது. பெரும்பாலும் பின் டயருக்குத்தான் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். ஊர் திரும்பி சாமான் இறக்கிய பிறகு பழைய அளவுக்கு இறக்க மறந்துவிடாதீர்கள், நான் மறந்து ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் மலையேறினால் காற்று மாறுமே என்று கேட்பார்கள். மாறும், ஆனால் இரண்டு திசையில். 2,200 மீட்டருக்கு மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜ் கூட்டிக் காட்டும். அங்கே குளிரும் அதிகம், அதனால் குறைத்தும் காட்டும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 33 வைத்தது, ஊட்டியில் 12 டிகிரி காலையில் 32க்குச் சொச்சம் காட்டும். தொட வேண்டாம்.

ஸ்டெப்னி

வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள், அந்தத் தெருப் பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயரை மறக்காத நாம் அதில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. டிக்கியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பதால் பங்குத் தம்பியும் கேட்க மாட்டார், நாமும் சாமானை எடுக்கச் சோம்பல்படுவோம். அதையும் மற்ற நான்கோடு சேர்த்துப் பாருங்கள், ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணைவிட இரண்டு மூன்று கூட வையுங்கள், இறக்குவது சுலபம், நடு ரோட்டில் ஏற்றுவதுதான் கஷ்டம். சில வண்டிகளில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் கொடுக்கிறார்கள், அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, இரண்டும் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். போன மாதம் என் ஸ்டெப்னியை எடுத்து அளந்தேன், 14 இருந்தது.